நீர் புகுந்ததுண்டா?

மூன்று காப்பீட்டு நிறுவனங்களின் விலைப்புள்ளிகளையும் சாப்பாட்டு மேசையின்மேல் பரப்பிவைத்துவிட்டு, ஆல்வின் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். முகவர் தொழிலுக்கு வந்து சில ஆண்டுகளே ஆனவன். அவனுடைய பிள்ளைகள் இருவரும் பொற்கொடி பணிபுரியும் அங்கன்வாடியில்தான் அகரம் கற்றார்கள். ஆகையால் ஊருக்கெல்லாம் டீச்சராக இருந்தவள் அவனுக்கும் டீச்சரே.

“எது வேணுமோ நீங்களே பாத்துச் சொல்லுங்க டீச்சர். நான் ஒண்ணை நல்லதுன்னு சொன்னா, கமிஷன் சாஸ்தி வர்றதைக் காட்டறான்னு மாமா நெனைப்பாருங்க.”

“நெனைக்கறதென்ன, அதானே நெசம்,” என்றார் எதிரில் இருந்த வேலுமணி.

பொற்கொடியின் கணவரான அவர் அரசுப் பேருந்துப் பணிமனையில் டீசல் புகையோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். ஓய்வின்போது கைக்கு வந்ததை மிச்சமில்லாமல் இந்த வீட்டின் அடித்தளத்திலிருந்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்வரை கொட்டிவிட்டார். அவருடைய குலத்தில் காங்கிரீட் கூரைக்குக் கீழே படுத்துறங்கிய முதல் மனிதர் அவர்தாம். இந்த வீடு போனால் இன்னொன்று கட்ட அவருக்கு ஓய்வூதியமும் போதாது, ஆயுளும் போதாது. அதை எண்ணித்தான் பொற்கொடி காப்பீட்டுப் பேச்சை எடுத்தாள். ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆல்வின் தாள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். “மொதலாவது கட்டடத்துக்கு மட்டுமுங்க. ரெண்டாவது கட்டடமும் உள்ளே இருக்கற சாமானும். மூணாவதுல, ஊடு குடியிருக்க லாயக்கில்லாமப் போச்சுன்னா, வெளியில தங்கற வாடகையும் சேத்துக் குடுப்பாங்க.”

“சைட்டோட சேத்து எத்தனைக்குப் போடுவே?” என்று கேட்டார் வேலுமணி.

“சைட்டுக்குப் போடறதில்லீங்க மாமா. ஊடு இடிஞ்சாலும் மண்ணு அங்கயேதானுங்களே கெடக்கும்? திருப்பிக் கட்ட என்ன ஆகுமோ அதுக்குத்தானுங்க.”

“சைட்டுக்குக் குடுத்ததுதானய்யா பெரிய காசு.”

“அது பண்ணாடி மடிக்குப் போன காசுங்க. எந்தப் பாலிசியிலயும் திரும்பி வராது.”

சொல்லிவிட்டு ஆல்வின் சிரித்தான். வேலுமணி சிரிக்கவில்லை.

பண்ணாடி என்பது பண்ணையாட்கள் தங்கள் நிலக்காரரை அழைக்கும் பெயர். சூலூருக்குக் கிழக்கே, இன்று ‘மகாலட்சுமி அவென்யூ’ என்று சிமெண்டு வளைவு தாங்கி நிற்கும் இந்த மனைகளெல்லாம் ஒரு காலத்தில் சுப்பண்ணன் குடும்பத்தின் சோளக்காடாக இருந்தவை. வேலுமணியின் தகப்பனார் அந்தக் காட்டில் பண்ணையத்துக்கு இருந்து, அதே வரப்பில் கூன் விழுந்து மாண்டவர். வேலுமணி மனை தேடி அலைந்த நாள்களில், சுற்றுவட்டாரத்து நிலக்காரர்கள் ‘காசு இருக்கிறதா’ என்று கேட்பதற்கு முன்பே ‘எந்தத் தெரு’ என்று கேட்டார்கள்; விடை தெரிந்ததும் மனை விற்றுப்போயிற்று என்றார்கள். சட்டம் எல்லோர்க்கும் ஒன்று என்று பள்ளிப் பாடத்தில் எழுதியிருக்கிறது. பத்திரப் பதிவு அலுவலகத்தின் வாசலுக்கு வருமுன்பே அது களைத்துப்போகிறது. அப்படிப்பட்ட நாளில் சுப்பண்ணன் ஒருவர்தாம், “ஏப்பா வேலு, கீழ்க்கோடியில ஒண்ணு இருக்குது, எடுத்துக்கறயா?” என்று கூப்பிட்டுக் கொடுத்தார். விலையில் ஒரு பைசாவும் குறைக்கவில்லை. ஆயினும் அந்த நன்றியை வேலுமணி குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட கடனைப்போல் சுமந்துவந்தார்.

ஆல்வின் விண்ணப்பப் படிவத்தைத் திருப்பி, ஓரிடத்தில் விரலை ஊன்றி வாசித்தான்.

“இக்கட்டடத்திலோ சுற்றுச்சுவருக்குள்ளோ இதற்கு முன் எப்போதேனும் வெள்ளநீர் புகுந்ததுண்டா?”

வேலுமணி தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்தார், அது அணைந்திருந்தது. பொற்கொடி கூடத்தின் தெற்குச் சுவரை ஒட்டி நின்ற இரும்புப் பீரோவைப் பார்த்தாள். படுக்கையறையில் நின்ற பீரோ அது. கூடத்துக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

சென்ற ஐப்பசியில், விடாமல் பெய்த மழையில், கீழ்ப்புறத்து ஓடை கரையை மறந்து தெருவுக்குள் வந்தது. கூடத்தில் முழங்காலளவு தண்ணீர். குளிர்சாதனப் பெட்டி மல்லாந்து மிதந்தது. அரிசி மூட்டை ஊறி வெடித்தது. கட்டில் கால்கள் உப்பிப் பிளந்தன. நீர் வடிந்த மறுநாள் சுப்பண்ணனின் வீட்டு முன்வாசலில் தெருக்கூட்டம் கூடிற்று. அவருடைய வீடு மேல்கோடியில், மேட்டில் நிற்பது; அங்கே ஒரு சொட்டும் ஏறவில்லை. “நடந்தது நடந்துபோச்சு. வெளியில யாரும் பேசிக்க வேண்டாம். தண்ணி பூந்த எடம்னு பேரு வந்துட்டா, உங்க சைட்டுத்தான் வெல போகாது. எனக்கென்ன?” என்றார் அவர். தீபாவளி நோம்பிக்குள் எல்லா வீட்டுக்கும் பெயிண்டு அடித்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. செலவில் பாதியைத் தாமே தருவதாகச் சொன்னார், தந்தும் விட்டார். ஒரு தெரு முழுவதும் ஒரே வாரத்தில் புதுநிறம் பூசிக்கொண்டதைப் பார்த்து வழிப்போக்கர் எவரும் ஐயப்படவில்லை. நோம்பி என்றால் பெயிண்டு அடிப்பது உலக வழக்கம்தானே.

ஆனால் சுவருக்கு ஊர்க்கட்டுப்பாடு தெரியாது. தை பிறந்ததும் முழங்கால் உயரத்தில், கோடு கிழித்தாற்போல் உப்புப் பூக்கத் தொடங்கிற்று. துடைத்தால் மாவாக உதிர்ந்தது. மறுவாரம் மீண்டும் பூத்தது. அன்றைக்குத்தான் வேலுமணி பீரோவை நகர்த்திக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினார்.

ஆல்வினுக்கும் இது தெரியாததன்று. அவன் பேனாவை மூடியும் திறந்தும் விளையாடினான். “பொதுவா எல்லாரும் இல்லைன்னுதானுங்க போடறாங்க.”

“இல்லைன்னு போட்டா?” என்றாள் பொற்கொடி.

“மொத ரெண்டு கம்பெனியும் வெள்ளத்துக்கும் சேத்துக் கொறைஞ்ச பிரீமியத்துல குடுத்துருமுங்க. ஆமான்னா வெள்ளத்தை விட்டுப்போட்டு மத்ததுக்குத்தான் தருவாங்க. மூணாவது கம்பெனி மட்டும் ஆமான்னாலும் தருமுங்க. ஆனா ஆள் வந்து பாத்துட்டுப் பிரீமியத்தை ஏத்துவாங்க. நட்டம் வந்தா மொதப் பங்கை நீங்களே தாங்கிக்கோணும்னும் எழுதிருவாங்க.”

“சரி, நாங்க இல்லைன்னே போடறோம்னு வெச்சுக்கோ. மறுபடி தண்ணி வந்துருது. பொறவு?”

“சர்வேயர் வந்து பாப்பாருங்க.”

“பழைய கறை அவரு கண்ணுல பட்டா?”

ஆல்வின் பிடரியைச் சொறிந்தான். “மறைச்சுப்போட்டாங்கன்னு பாலிசியே செல்லாமப் போயிருமுங்க.”

“அப்போ, எந்த மழைக்குன்னு கொடை வாங்கறமோ, அந்த மழையில மட்டும் விரியாத கொடையைச் சல்லிசாத் தர்றாங்க. அதானே கண்ணு?”

“நீங்க கேட்டா எல்லாமே அப்படித்தான் இருக்குமுங்க டீச்சர்.”

“பாரத்தை வெச்சுட்டுப் போ,” என்று எழுந்தார் வேலுமணி. “ரெண்டு நாள் கழிச்சுச் சொல்றோம்.”

ஆல்வினின் வண்டி தெருமுனை திரும்புமுன்பே வேலுமணி செருப்பை மாட்டும் ஓசை கேட்டது. அந்த ஓசையிலேயே அவர் போகுமிடம் பொற்கொடிக்கு விளங்கிவிட்டது.

“ஏனுங்க, எங்க கெளம்பிட்டீங்க?”

“சும்மா. மேல்கோடி வரைக்கும்.”

“நம்மூட்டுக்கு நாம இன்சூரன்ஸ் போடறதுக்கு அவருகிட்ட எதுக்குங்க ஒரு வார்த்தை?”

“ஒரு வார்த்தை கேக்கறதுல என்ன கொறைஞ்சுபோகுது புள்ள?”

அவர் குடும்பத்தில் அது வழிவழியாக வந்த முறை. பெண்ணுக்கு நாள் குறிப்பதானாலும், ஆடு விற்பதானாலும், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதானாலும் பண்ணாடியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அவருடைய தகப்பனார் செய்வார். கேட்டால் மறுப்பு வரும் என்பதன்று. கேளாமல் செய்தால் கால் தடுமாறும் என்ற அச்சம். அந்த அச்சம் மகனுக்குச் சொத்தாக வந்தது. விற்றவனிடமே போய், ‘நீங்கள் விற்ற சரக்கில் பழுதுண்டு என்று எழுதலாமா?’ என்று வாங்கியவன் உத்தரவு கேட்டு நிற்கும் கொடுமையை உலகின் வேறெந்தச் சந்தையில் காண முடியும்? பொற்கொடி வாசற்படியில் நின்று, கணவரின் முதுகு மேடேறி மறையும்வரை பார்த்தாள்.

போனவர் திரும்பி வந்து, “யோசிச்சுச் சொல்றேன்னாரு,” என்றார். இரண்டு நாள் என்றது ஒரு வாரமாயிற்று. படிவம் மேசைமேல், உப்பு ஜாடிக்கு அடியில் கிடந்தது. பொற்கொடி பேச்செடுக்கும்போதெல்லாம், “பண்ணாடி சொல்லட்டும்,” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பண்ணாடியே வந்தார்.

வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக, கையில் கைப்பேசியோடு, சுப்பண்ணன் வாயிற்கதவைத் தாமே திறந்துகொண்டு உள்ளே நுழைந்தபோது, செடிக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்த வேலுமணிக்குக் குழாய் கையிலிருந்து நழுவிற்று. புதுமனை புகுவிழாவின்போது இதே சுப்பண்ணன் வாயிற்கதவுக்கு வெளியே நின்று, மொய் உறையை அவர் கையில் திணித்து, “ஒறம்பரை ஊட்டு விசேசத்துக்குப் போகோணும், நேரமாச்சு,” என்று கூறி, ஒரு வாய்த் தண்ணீரும் பருகாமல் போனவர். அன்று பந்தியில் அவருக்கென்று விரித்துவைத்த இலையை மாலையில் வேலுமணியே மடித்து எடுத்தார். அந்த இலையைப்பற்றிக் கணவனும் மனைவியும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

இன்று அவர் செருப்பைக் கழற்றினார், படியேறினார், கூடத்துச் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“அம்மணி, சித்தெ தண்ணி குடு.”

பொற்கொடி எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை; உதடு வைத்தே, நிதானமாக, கடைசிச் சொட்டுவரை குடித்தார். வேலுமணியின் கண்கள் கலங்கிவிட்டன. அதை மறைக்க அவர் மின்விசிறியின் விசையைக் கூட்டப் போனார்.

“நல்லா வெச்சிருக்கறே ஊட்டை,” என்று சுற்றிலும் நோக்கினார் சுப்பண்ணன். பார்வை பீரோவின்மேல் ஒரு கணம் நின்று நகர்ந்தது. “உங்கய்யன் இருந்தா பாத்துப் பூரிச்சிருப்பான் வேலு. ஐப்பசி பொறந்து காட்டுக்குள்ள தண்ணி நின்னுட்டா எருமைகளை இந்த எடத்துலதானே நீச்சலுக்கு உடுவான்? பொழுதெறங்கற நேரம் கரையில நின்னு ஒரு சீட்டி. அதுக வாலைத் தூக்கீட்டு வரிசையா ஏறி வரும். ஞாபகம் இருக்குதா?”

“இருக்குதுங்க,” என்றார் வேலுமணி. தம் தகப்பனைப் பண்ணாடி நினைவில் வைத்திருக்கிறார் என்ற பூரிப்பு அவர் குரலில் இருந்தது.

பொற்கொடியின் காதில் வேறொன்று விழுந்தது. எருமைகள் நீந்திய இடம். மந்தையாக நீந்துமளவு ஆழம். அதை மண்கொட்டி மூடி, வளைவு கட்டி, மகாலட்சுமியின் பெயரைச் சூட்டி, நயா பைசா குறைக்காமல் இவர்களுக்கு விற்றிருக்கிறார். விற்றதையும் மறந்து, பழங்கதையாக எடுத்துப் பரிமாறுகிறார்.

“அந்தப் பாரத்துல என்னமோ கேட்டிருக்குதாமல்ல,” என்று சுப்பண்ணன் குரலைத் தணித்தார். “இல்லைன்னு போட்டுடு. ஒரு ஊட்டுல ஆமான்னு எழுதிப்போட்டா, கம்பெனிக்காரன் தெருவுக்கே கோடு போட்டு வெச்சுக்குவான். ஓடைக்கு அக்கட்டையும் சைட்டுப் பிரிச்சிருக்கறேன். கொடி நட்டாச்சு. நாலு பேரு வந்து பாத்துட்டுப் போறாங்க. உனக்கே தெரியும்.”

“ஏனுங்கண்ணா, மறுபடி தண்ணி வந்தா?” என்றாள் பொற்கொடி.

“வந்தா? நான் இல்லையா அம்மணி?”

“போன ஐப்பசியிலயும் இருந்தீங்களே.”

வேலுமணி மனைவியைப் பதறிப் பார்த்தார். சுப்பண்ணன் சிரித்தபடி எழுந்தார். “டீச்சர் வாய்க்கு நம்மால பதில் சொல்ல முடியாதப்பா. நீ பாத்துச் செய்யி வேலு. ஊடு உம்பேருலதானே இருக்குது?”

அவர் போனபின் வெகுநேரம் வேலுமணி சோபாவின் அந்த இடத்தில் வேறெவரும் உட்காராதபடி காவல் இருப்பவரைப்போல் நின்றார். ஒரு டம்ளர் தண்ணீர். தலைமுறை தலைமுறையாகக் கொடுக்காமல் சேமித்துவைத்திருந்த ஒன்றைத் தக்க சமயம் பார்த்து எடுத்துச் செலவழித்துவிட்டுப் போயிருந்தார் பண்ணாடி.

மாலையில் பாத்திரம் துலக்க உட்கார்ந்தபோது பொற்கொடி அந்த டம்ளரைத் தேடினாள். கிடைக்கவில்லை. பிறகு கூடத்தைக் கடக்கும்போது, கண்ணாடி அலமாரியில், பணிமனையில் வேலுமணி பெற்ற நற்பணிக் கேடயத்துக்குப் பக்கத்தில் அது நிற்கக் கண்டாள். அவள் சிறுமியாய் இருந்த காலத்தில், டீக்கடைக் கூரைக்கு வெளியே, அவளுடைய தெருவாருக்கென்று தனிக் குவளைகள் கம்பியில் தொங்கும். குடித்தவரே கழுவி மாட்டிவிட்டு வரவேண்டும். ஒதுக்கிவைத்த குவளைகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இப்படி ஒதுக்கிவைத்ததைப் பார்த்ததில்லை.

“இல்லைன்னே போட்டுரலாம் புள்ள,” என்றார் வேலுமணி, சாப்பிட உட்கார்ந்தபோது.

“எருமை நீந்துன எடத்துலயாங்க?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“உங்களுக்கு முன்னமே தெரியுமா?”

“தெரியாம என்ன? நானே வாலைப் புடிச்சுட்டு நீந்தியிருக்கறேன்.”

“பொறவு எதுக்குங்க வாங்குனீங்க?”

வேலுமணி தலை நிமிர்ந்தார். கோபம் இல்லை; களைப்புத்தான் இருந்தது. “வேற யாரு குடுத்தா?”

மனை தேடி அவரோடு வெயிலில் அலைந்தவள் அவள். ஒவ்வொரு வாசலிலும் கேட்ட ‘விற்றுப்போயிற்று’ அவள் காதிலும் விழுந்ததுதான். சோறு பாதியில் ஆறிற்று.

மறுநாள் அங்கன்வாடியில் குழந்தைகள் உறங்கிய வேளையில் அவள் ஆல்வினைக் கைப்பேசியில் அழைத்தாள். “அந்த மூணாவது கம்பெனி ஆளை வரச்சொல்லு.”

“மாமா ஒத்துக்கிட்டாருங்களா?”

“வந்து பாக்கட்டும்.”

“டீச்சர், ஓனரு கையெழுத்து இல்லாம ஒண்ணும் நகராதுங்க.”

“தெரியும் கண்ணு. வரச்சொல்லு.”

உக்கடத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தார் நிறுவனத்தின் ஆய்வாளர் ஆமினா பீவி. நடுத்தர வயது, வார்த்தையை வீணாக்காத சுபாவம். மொட்டைமாடி, மின்பெட்டி, வீட்டுக்குப் பின்புறத்துப் பொடக்காளி எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். வேலுமணி அவர் பின்னாலேயே நடந்தார். ஆல்வின் வாசலில் நின்று தெருவைப் பார்த்தான். சுப்பண்ணனின் வெள்ளைக் கார் எதிர்ப்புறத்தில், எஞ்சின் ஓடியபடி, நின்றுகொண்டிருந்தது.

“பீரோவுக்குப் பின்னால பாக்கலாமுங்களா?” என்றார் ஆமினா பீவி.

“அது நெம்பக் கனமுங்க,” என்றார் வேலுமணி.

“பரவாயில்லீங்க. நான் நிக்கறேன்.”

எவரும் அசையவில்லை. பொற்கொடி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்ப் பீரோவின் பக்கவாட்டில் தோளைக் கொடுத்தாள். அது நகரவில்லை. காலை ஊன்றி மறுபடியும் முட்டினாள். இரும்பு முனகிற்றே தவிர இடம் பெயரவில்லை. அவளுக்கு மூச்சு வாங்கிற்று. ஆல்வின் ஓரடி எடுத்து வைத்து, வேலுமணியின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான். மூன்றாம் முறை அவள் முட்டியபோது, வேலுமணி சட்டென்று வந்து மறுமுனையைப் பற்றினார். உண்மை வெளிப்படட்டும் என்று அவர் வந்தாரென்று சொல்வதற்கில்லை. அவள் தனியாக முட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அவ்வளவே. பணிமனையில் எஞ்சின்களைப் புரட்டிய கைகள். பீரோ கிறீச்சிட்டுக்கொண்டு நகர்ந்தது.

சுவரில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, உப்புப் பூத்த வெள்ளைக்கோடு.

ஆமினா பீவி குனிந்து, விரலால் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து வேலுமணியிடம் கேட்டார். “இது எப்போ வந்துதுங்க?”

வெளியே கார் ஒருமுறை ஒலி எழுப்பிற்று. வேலுமணியின் பார்வை கண்ணாடி அலமாரிக்குப் போயிற்று. அங்கிருந்து சுவருக்கு வந்தது. அவர் வேட்டியைச் சற்றே தூக்கி, தம் முழங்காலையும் அந்தக் கோட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

“எங்கய்யன் எருமையை நீந்த உட்ட எடமுங்க இது,” என்றார். “பள்ளக்காடுன்னு பேரு. போன ஐப்பசியில இத்தனை தண்ணி. நான் நின்னேன்.”

படிவத்தை அவரே வாங்கி, ‘ஆம்’ என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டார். வெளியே கார் கிளம்பிப் போகும் ஓசை கேட்டது.

அன்றுமுதல் தெரு அவர்களுக்கு ஊமையாயிற்று. கறிவேப்பிலைக்குச் சுற்றுச்சுவரில் எட்டிப்பார்க்கும் அடுத்த வீட்டுப் பெண் கடையில் வாங்கிக்கொண்டாள். காலை நடையில் வேலுமணி கும்பிட்ட கும்பிடு மேல்கோடியில் ஏற்கப்படாமல் திரும்பி வந்தது. இரண்டு நாள் கும்பிட்டுப் பார்த்துவிட்டு, அவர் நடைக்கு வேறு திசையைப் பிடித்துக்கொண்டார். நிறுவனமோ அசைந்து அசைந்து வேலை செய்தது. கோப்பு மேலிடத்துக்குப் போயிருக்கிறது என்றான் ஆல்வின். மேலிடத்தில் விடுமுறை என்றான். ஐப்பசி பிறந்து, வானம் கிழக்கே மூட்டம் போட்டபிறகு ஒருநாள் நண்பகலில், “ஒத்துக்கிட்டாங்க டீச்சர்,” என்று மூச்சிரைக்க வந்தான். பிரீமியம் ஏறத்தாழ இருமடங்கு. நட்டத்தின் முதற்பங்கு இவர்களுடையது. மற்றதெல்லாம் உண்டு: சுவர், தரை, சாமான், வாடகை. பொற்கொடி அப்போதே பணத்தைச் செலுத்தினாள். கைப்பேசியில் வந்த செய்தியை ஆல்வின் வாசித்தான். பாலிசி அன்று இரவு பன்னிரண்டு மணி முதல் நடைமுறைக்கு வரும்.

அவன் வண்டியை உதைத்தபோது முதல் தூறல் விழுந்தது.

மாலைக்குள் தெரு தெரியவில்லை. ஓடை இருக்கும் திசையிலிருந்து இடைவிடாத இரைச்சல். சுப்பண்ணன் நட்ட மனைக்கொடிகளில் சில தலைமட்டும் நீட்டிக்கொண்டிருந்தன, மற்றவற்றைக் காணோம். கணவனும் மனைவியும் வேலையில் இறங்கினார்கள். பீரோவின் கால்களுக்குச் செங்கல் கொடுத்தார்கள். அரிசியைப் பரணில் ஏற்றினார்கள். குளிர்சாதனப் பெட்டியை மேசைமேல் தூக்கிவைத்தார்கள். தூக்கி முடித்ததும் பொற்கொடிக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. அவள் வாசற்கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வேலுமணி அடுப்படிக்குப் போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். அந்த டம்ளரில் கொண்டுவந்தார். அவசரத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்தாரா, வேண்டுமென்றே அலமாரியைத் திறந்தாரா என்று அவள் கேட்கவில்லை. வாங்கி, உதடு வைத்துக் குடித்தாள்.

வாசலுக்கு நான்கு படிகள். கீழ்ப்படி மூழ்கியிருந்தது.

“மேல்கோடிச் சொல்லுக்குன்னு ஒரு வாரம் காத்துட்டு உக்காந்திருந்தேன் பாரு,” என்றார் அவர். “அதை இப்போ நெனைச்சா வெசனமா இருக்குது.”

அவள் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிக்கொண்டார்.

இரண்டாம் படியின் விளிம்பைத் தண்ணீர் நக்கத் தொடங்கிற்று. மின்சாரம் போயிற்று. இருட்டு இன்னும் முழுமையாகக் கவியவில்லை. உள்ளே சுவர்க்கடிகாரம் ஓடும் சத்தம் மழையையும் மீறிக் கேட்பதுபோலிருந்தது.

“ஏம்புள்ள,” என்றார் வேலுமணி, தெருவைப் பார்த்தபடியே. “பன்னெண்டு மணிக்கு மேலதான் உள்ளே வந்துதுன்னு சொல்லிக்கலாமா?”

பொற்கொடி திரும்பவில்லை. உண்மையை எழுதியே தீரவேண்டும் என்று பீரோவைத் தோளால் முட்டியவளின் மனமும் சற்றுமுன்புவரை அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தது.

“சும்மாதான் கேட்டேன்,” என்றார் அவர்.

“உள்ள வராம இருக்கட்டுங்க,” என்றாள் அவள்.

வேலுமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கினார். தண்ணீருக்குள் காலை விட்டு, எங்கே நிற்கிறது என்று பாதத்தால் தடவிப் பார்த்தார்.

“ரெண்டாவது முழுகிப்போச்சு,” என்றார். “இன்னும் ரெண்டு படி இருக்குது.”